எழுதிக் கொடுத்ததை வாசித்தவள்

தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஏழரை’ என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் காலை ஏழரை மணி வானொலிச் செய்தியை வாசித்துவந்ததால் கிடைத்த பட்டம் அது. பட்டம் கொடுத்தவர் அவளுடைய அக்கா புருஷன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். டிக்கெட் கிழித்ததைவிட வாய் கிழியப் பேசினதில்தான் அவர் அந்த வழித்தடத்தில் பேர் வாங்கினார். “ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் ஏழரை வந்தா ஒரு நாள் போயிடும். எனக்கு மச்சினிச்சியா வாய்ச்சு, தினமும் காலையில தவறாம பிடிக்குது” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிக்காமல் என்ன? அந்தக் குரலுக்கு ஊரில் அப்படி ஒரு மதிப்பு இருந்தது. பால் காய்ச்சுகிறவர்கள், பிள்ளைக்குத் தலை சீவுகிறவர்கள், அரைமுகம் சவரம் செய்துவிட்டு மீதி அரைமுகத்தோடு நிற்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பத்து நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். சாவுச் செய்தியை வாசித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

ஒலிப்பதிவு அறையில் அவளுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. மேசையில் பச்சைக் கம்பளித் துணி விரித்திருக்க வேண்டும். தாள்களைச் சேர்த்துப் பின் அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் வலது மூலையையும் லேசாக மடித்துவைப்பாள், புரட்டும் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு தம்ளர். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்பது மட்டும்தான் அவள் கவலை. தாளில் இருப்பது மெய்யா பொய்யா என்று பார்ப்பது அவள் வேலையில்லை. அதற்குச் செய்தி ஆசிரியர் இருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனாவும் முகத்தில் மூன்று நாள் தாடியுமாக இருக்கும் ஒல்லியான மனிதர்.

அந்த வருஷம் ஊர் வாயில் ஒரே பேச்சு. கஜானா காலி என்றார்கள். எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, பணத்தைக் கண்ணில் காட்டினால்தான் இறக்குவானாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் தையல் நூல் தட்டுப்பாடு என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளிடம் வந்த தாளில் முதல் வரி கறுப்பு மையால் அடித்திருந்தது. அதற்கடுத்த வரியிலிருந்து அவள் வாசித்தாள்.

“நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு போதுமான அளவில் உள்ளது. அரசுக் கடன் பத்திரங்கள் வைத்திருக்கும் பொதுமக்கள் சிறிதும் அஞ்சத் தேவையில்லை. உரிய நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும். வதந்திகளை நம்ப வேண்டாம்.”

வாசித்துவிட்டு வெளியே வந்தாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மேடம், உங்ககிட்ட பத்திரம் ஏதாவது இருக்கா?”

“இருக்கு சார். ஆறு வருஷமா சேர்த்தது. ஏன்?”

“இன்னிக்கே போய் எடுத்துடுங்க. வட்டியில கொஞ்சம் கழிச்சுக்குவாங்க, பரவாயில்ல.”

“இப்பத்தானே சார் வாசிச்சேன்?”

“அடிச்சிருந்த வரியில கையிருப்பு எவ்வளவுன்னு இருந்துது. பதினொரு நாள் இறக்குமதிக்குத்தான் காணும். பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன், அதுக்கு வட்டி கட்ட இன்னொண்ணு. இப்ப குடுக்க ஆள் இல்ல.” அவர் குரல் தணிந்தது. “நான் சொன்னதா மூச்சு விட்டுடாதீங்க. என் பிழைப்பு போயிடும். உங்களோடதும் போயிடும்.”

மத்தியானத்துக்குள் அவள் வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண், அவள் வாயைத் திறந்ததுமே நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏழரை மணிச் செய்தி நீங்கதானே? குரல்லயே தெரிஞ்சுடுச்சு! எங்கம்மா ஒரு வாரமா பத்திரத்தை உடைக்கணும்னு நச்சரிச்சாங்க. காலையில நீங்க வாசிச்சதைக் கேட்டப்புறம்தான் வேணாம்னு அடங்கினாங்க.” பிறகுதான் அந்தப் பெண் நீட்டிய தாளைப் பார்த்தாள். “நீங்க... எடுக்கறீங்களா?”

“வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வச்சிருக்கார். கண் பரிசோதிக்கிற மெஷின் ஒண்ணு வாங்கணும்.”

நாக்கு புரளவேயில்லை. செய்தி வாசிக்கிற அதே நிதானத்தில் வந்தது பொய். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அக்காவின் போன் வந்தது.

அக்காவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். முப்பத்தொரு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றே வேலை பார்த்தவள். நின்றதற்குக் கூலியாக இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. மாடிப்படியை உட்கார்ந்துதான் இறங்குவாள். ஓய்வுபெற்றபோது வந்த மொத்தத் தொகையையும் பத்திரத்தில் போட்டிருந்தாள். இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன் செய்துகொள்வதற்கு என்று எடுத்துவைத்த பணம் அது. அடுத்த வருஷம் முதிரும்.

“ஏண்டி, ஆளாளுக்கு என்னென்னமோ சொல்றாங்களே. பத்திரத்தை உடைச்சுடலாமா? நீ அந்த இடத்துலயே இருக்கறவ. உனக்குத் தெரியாததா?”

பின்னால் அத்தானின் குரலும் கேட்டது. “ஏழரைகிட்டயே கேளு, விட்டா எட்டு மணி செய்தியையும் சேர்த்துச் சொல்லும்!”

அக்காவிடம் சொன்னால் அத்தானிடம் போகும். அத்தான் காதில் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போட்டாச்சு என்று அர்த்தம். நாளைக்கே ஆசிரியரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அதற்கடுத்து அவளை. எல்லாம் ஒரு நொடிக்குள் ஓடிற்று. அவள் சொன்னாள்:

“காலையில வாசிச்சேனேக்கா. பயப்படத் தேவையில்லை. முழுசா திருப்பிக் குடுத்துடுவாங்க.”

“அப்ப சரி. நீ சொன்னா எனக்கு அதுவே போதும்” என்று போனை வைத்தாள் அக்கா.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் வந்த பணம் அலமாரியில் இருப்பது அவருக்குத் தெரியும். அவளை ஒரு தடவை பார்த்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

புதன் முதல் திங்கள் வரை அதே உறுதிமொழியை அவள் ஆறு காலைகள் வாசித்தாள். செவ்வாய்க்கிழமை தெரியாமல் வாசித்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஆறு நாளும் தெரிந்தேதான் வாசித்தாள். குரல் ஒரு நாளும் தடுமாறவில்லை. பின்னாளில் அவளை மிகவும் கூசவைத்தது அதுதான்.

அடுத்த செவ்வாய், நாடு தன் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைக்கிறது என்ற அறிவிப்பையும் அவளே வாசித்தாள். உள்நாட்டுப் பத்திரங்களுக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் பணம், அதுவும் வட்டியைப் பாதிக்கு மேல் குறைத்து என்று அதே அறிவிப்பின் கடைசிப் பத்தியில் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரே வரிசையில் நின்றது. எண்ணெய்க்கு வரிசை, மாவுக்கு வரிசை, காய்ச்சல் மாத்திரைக்கு வரிசை. வெளியே போனால் அவள் வாயைத் திறப்பதில்லை. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டி விலை கேட்பாள். பஸ்ஸில் சரியான சில்லறையை நீட்டி, இறங்குமிடத்தைத் தலையால் காட்டுவாள். செய்தி நேரம் தவிர மற்ற நேரம் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க டாக்டர் சொல்லியிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தார் அவள் புருஷன்.

ஏழாவது வாரம், கேஸ் சிலிண்டர் வரிசையில் அக்காவும் அவளும் நின்றார்கள். விளையாட்டு மைதானத்துச் சுவரை ஒட்டி, கண்ணுக்கெட்டின தூரத்துக்கும் சிலிண்டர்கள். அக்கா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுவந்திருந்தாள். வரிசை நகரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, முக்காலியை இரண்டடி தள்ளிப்போட்டு மறுபடி உட்காருவாள். அத்தான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

லாரிக்காரர் எண்களைக் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற, காது மந்தமான ஒரு பெரியவர் அவள் தோளைத் தொட்டு, “என்ன நம்பர்மா சொன்னான்?” என்று கேட்டார். யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“நானூற்றுப் பன்னிரண்டு.”

முன்னால் நின்ற பெண் சட்டென்று திரும்பினாள். கையில் பால் புட்டியும் இடுப்பில் குழந்தையுமாக இருந்தாள்.

“இந்தக் குரல்... நீ அந்த நியூஸ்காரிதானே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே போதுமாக இருந்தது. வரிசை வளைந்து அவளைச் சுற்றிக்கொண்டது.

“அஞ்சத் தேவையில்லை, அஞ்சத் தேவையில்லைன்னு தேன் ஒழுகச் சொன்னியே! எங்க வீட்டுக்காரர் உன்னை நம்பித்தான் பத்திரத்தை உடைக்காம வச்சிருந்தார்!”

“விடும்மா, அவங்க என்ன பண்ணுவாங்க?” என்றார் ஒருவர். “எழுதிக் குடுத்ததை வாசிக்கறாங்க. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?”

“எய்தவன் யாருன்னு சொல்லேன் பார்க்கலாம். ஒருத்தன் போன ஆட்சிங்கறான், ஒருத்தன் இந்த ஆட்சிங்கறான்!”

“ரெண்டு பேரும்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி விட்டானுங்க. அப்ப வாங்கித் தின்ன நாமளுந்தான்.”

“நீ தின்னிருப்பே. எனக்கு ஒண்ணும் வரல.”

சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அப்போது முக்காலியிலிருந்து அக்கா எழுந்தாள். வார்டில் முப்பது கட்டில்களை அடக்கின தொண்டை அது.

“நிறுத்துங்க எல்லாரும்! இவ என் கூடப் பொறந்தவ. என் முட்டியைப் பாருங்க. இந்த முட்டிக்கு வச்சிருந்த பணம் மொத்தமும் அந்தப் பத்திரத்துலதான் முங்கிக் கிடக்கு. தெரிஞ்சிருந்தா சொந்த அக்காகிட்ட சொல்லியிருக்க மாட்டாளா? சொல்லுங்க!”

வரிசை அடங்கிவிட்டது. குழந்தைக்காரப் பெண்கூட, “பாவம், அவங்களுக்கே இந்தக் கதின்னா...” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. “அழாதடி. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது” என்றாள். பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. சிலிண்டர் கிடைக்கும்வரை அக்காவின் பிடியிலிருந்து அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. விடுவித்துக்கொள்ளத் தைரியமும் இல்லை.

சில மாதங்களில் விசாரணை ஆணையம் ஒன்று போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. அவளுக்கும் சம்மன் வந்தது. நாள் முழுக்கச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நிதித்துறைச் செயலர் மத்திய வங்கியைக் காட்டினார். வங்கிக்காரர், வரியைக் குறைத்துக் கைதட்டல் வாங்கின அமைச்சரவையைக் காட்டினார். அமைச்சர், கப்பலே வராத துறைமுகத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் போன பழைய ஆட்சியைக் காட்டினார். பழைய ஆட்சிக்காரர் உலகச் சந்தையைக் காட்டினார். உலகச் சந்தைக்குச் சம்மன் அனுப்ப வழியில்லாததால் விசாரணை அதோடு நின்றது.

அவள் முறை நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

“அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நீங்கள் வாசித்த செய்தி சரியல்ல என்று வாசித்தபோது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் நீதிபதி.

“வாசித்தபோது தெரியாது ஐயா.”

அது சத்தியமான வார்த்தை. புதன்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவள் நாக்கு நுனியில் புதன்கிழமை நின்றது. நீதிபதி அடுத்த தாளைப் புரட்டிவிட்டார். “நீங்கள் போகலாம் அம்மா. உங்களைச் சிரமப்படுத்தியதற்கு மன்னிக்கவும்.” வெளியே வராந்தாவில் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவில்லை.

அறிக்கை பத்திரிகைகளில் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணி வரச் சொன்னாள். போனபோது அக்கா கட்டிலில் கால் நீட்டி, முட்டிக்கு எலாஸ்டிக் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் பேப்பர்.

“பாத்தியா? ‘செய்தி வாசிப்பாளர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை.’ அச்சுலயே போட்டுட்டான். நான் அன்னிக்கே சொல்லல?” முகமெல்லாம் சிரிப்பு. அத்தான் நாற்காலியில் இருந்தபடி, “இனிமே ஏழரைக்கு விடுதலை!” என்றார்.

அக்கா பக்கத்தைத் திருப்பினாள். சிரிப்பு போய்விட்டது.

“ஆனா இதைக் கேளு. ‘அறிவிப்புக்கு முந்தைய ஏழு நாட்களில், முன்கூட்டியே தகவல் அறிந்த சிலர் தங்கள் பத்திரங்களை அவசரமாக உடைத்துப் பணமாக்கினர். சிறு சேமிப்பாளர்களுக்கென ஒதுக்கியிருந்த தொகையின் பெரும்பகுதி இவ்வாறு வெளியேறியது.’ பாத்தியாடி? எங்களுக்குன்னு இருந்ததைத்தான் வழிச்சுட்டுப் போயிருக்காங்க. வட்டி கட்ட முடியாதவனைக்கூட மன்னிச்சுடலாம். தெரிஞ்சுக்கிட்டு கமுக்கமா எடுத்தாங்களே, அவங்களை நிக்க வச்சுக் கேக்கணும் ஒரு கேள்வி.”

“என்ன கேள்விக்கா?” என்றாள் அவள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு.”

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரத் தோன்றவில்லை.

“அக்கா, நானும் எடுத்தேன்.”

“எதை?”

“என் பத்திரத்தை.”

பட்டை சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அக்கா கத்தவில்லை. நோயாளியிடம் கேட்டு எழுதிக்கொள்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“எப்ப?”

“அந்தச் செவ்வாய்க்கிழமை.”

“நான் உனக்குப் போன் பண்ணினதும் செவ்வாய்க்கிழமைதான்.”

“ஆமா.”

“நீ எடுத்தது எத்தனை மணிக்கு?”

“மத்தியானம். ஒரு மணி இருக்கும்.”

“நான் பேசினது ஆறு மணிக்கு.”

“ஆமாக்கா.”

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒன்றும் வரவில்லை. அவர் வாயடைத்துப்போனதை அந்த வீடு அதற்குமுன் பார்த்ததில்லை.

“அத்தான் வெளியில சொல்லிடுவாரோன்னு பயந்துட்டேன். வேலை போயிடும்னு...” என்று ஆரம்பித்தாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டார். தன் பழியில் ஒரு பங்கை அந்த மனிதர் தலையிலும் ஏற்றப் பார்த்ததை அவளே உணர்ந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிதித்துறைச் செயலர் விரல் நீட்டினதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? “இல்லக்கா. சொல்லியிருக்கலாம். சொல்லல. அவ்வளவுதான்.”

அக்கா பட்டையை முழுக்கச் சுற்றி முடித்து, கொக்கி மாட்டினாள்.

“வரிசையில உனக்காக அத்தனை பேர் முன்னால கத்தினேனே” என்றாள். “அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்.”

“பணம் இருக்குக்கா. கொஞ்சம் செலவாயிடுச்சு. மிச்சத்தை...”

அக்கா மறுத்துவிடுவாள் என்று அவள் நினைத்திருந்தாள். உன் பணம் எனக்கு எதுக்கு என்று வீசியெறிவாள் என்று அஞ்சியும் இருந்தாள். அப்படி எறிந்தால் கொஞ்சம் தண்டனை கழியும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டும் இருந்தாள். அக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“வேணாம்னு ரோஷம் பாராட்டற வசதி எனக்கில்ல. நாளைக்கே கொண்டு வா.”

கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை விலைக்கு இரண்டு முட்டிக்கும் காணுமாயிருந்த தொகை, இப்போது விற்கிற விலையில் ஒரு முட்டிக்கு மட்டுமே காணும். வலது காலுக்குச் செய்துகொண்டாள் அக்கா. ஆஸ்பத்திரியில் பதினொரு நாளும் தங்கைதான் கூட இருந்தாள். “தண்ணி”, “தலையணை”, “லைட்டை அணை” என்பதற்கு மேல் அக்கா அவளிடம் பேசவில்லை. அத்தான் வந்தால், “வாம்மா, சாப்பிட்டியாம்மா” என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசினார். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். அந்த மரியாதைதான் அவளுக்குச் சாட்டையடியாக இருந்தது.

ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். புதன் முதல் திங்கள் வரை தெரிந்தே வாசித்ததையும், செவ்வாய் மத்தியானம் எடுத்த தொகையையும் தேதி போட்டு எழுதினாள். யார் சொல்லித் தெரிந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. ஆணையத்தின் காலம் முடிந்துவிட்டபடியால் மனுவைப் பரிசீலிக்க இயலாது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதை மடித்து அலமாரியில் போட்டாள். நிலையத்தில் எழுதிக் கேட்டு, பழைய ஒலிநாடாக்களைப் பட்டியலிடுகிற பிரிவுக்கு மாறிக்கொண்டாள். சம்பளம் கொஞ்சம் குறைவு. “உன் குரலை ஏன் வீணடிக்கறே?” என்று நிலையத்தில் பலர் கேட்டார்கள். அவள் காரணம் சொல்லவில்லை. மாதா மாதம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அக்காவின் கணக்கில் போட்டாள். வந்தது என்றோ வேண்டாம் என்றோ அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் அக்கா தனியாக வந்தாள். ஒரு கால் நேராக, ஒரு கால் இழுத்துக்கொண்டு, இரண்டு தெரு நடந்தே வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மாத்திரை விலையைப் பற்றிப் பேசினாள். கண்ணாடிக் கடையில் வியாபாரம் எப்படி என்று தங்கை புருஷனிடம் விசாரித்தாள். அதற்கப்புறம், யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்:

“அடுத்த புதன்கிழமை இடது காலுக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கார். உன் அத்தானை நம்பிப் போனா டாக்டர் சொல்றதைக் கேக்கறதை விட்டுட்டு, நர்ஸுங்ககிட்ட கதையடிப்பார்.”

“நான் வரேன்க்கா.”

“டாக்டர் என்ன சொல்றாரோ அதை முழுசா என்கிட்ட சொல்லணும். நல்லதா இருந்தாலும், கெட்டதா இருந்தாலும்.”

“சொல்றேன்.”

மன்னித்துவிட்டேன் என்று அக்கா சொல்லவில்லை. கேட்கிற தகுதி தனக்கு வந்துவிட்டதாக அவளும் நினைக்கவில்லை. ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும், எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அக்கா எழுந்தபோது கை கொடுக்கப் போனாள் அவள். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்தே எழுந்துகொண்டாள்.